நாய் ஏன் குரைத்தது? – மாணவர் கட்டுரையும் சிவப்பு மையும்

வியாசை மாலைவகுப்பு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பத்தாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டணம் இல்லை. ஒரு மொட்டைமாடி அறை, இரண்டு ட்யூப்லைட், ஒரு கரும்பலகை. போன மாதம் அகநானூற்றின் 140-ஆம் பாட்டை நடத்திவிட்டு, "இந்தப் பாட்டில் உழைப்பு" என்று இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னேன். அதில் வந்த ஒரு கட்டுரை என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

பாட்டை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மூவனார் பாடியது, நெய்தல் திணை. பரதவர் கழிநிலத்தில் உழாமலே விளைவித்த உப்பை உமணர்கள் வாங்கி, வெயிலில் வெடித்துக் கிடக்கும் குன்றுகளைத் தாண்டி விற்கப் போகிறார்கள். அந்த உமணர் வீட்டுப் பெண் வளையல் ஒலிக்கக் கை வீசி நடந்து, நெல்லுக்குச் சமமாக உப்பு என்று சேரியில் விலை கூவுகிறாள். வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். மிரண்ட அந்தக் கண்கள் சண்டையிடும் இரண்டு கயல்மீன் போல இருந்தன, அவைதாம் எனக்கு நோயாகிவிட்டன என்று தலைவன் தன் தோழனான பாங்கனிடம் சொல்கிறான்.

பத்தொன்பது கட்டுரைகள் வந்தன. பெரும்பாலானவற்றின் முதல் வரி "சங்க இலக்கியம் காலத்தின் கண்ணாடி". எங்கிருந்து வந்த வரி என்று உங்களுக்கே தெரியும். ஒருவன் போனில் கேட்டு வாங்கி அப்படியே எழுதி வந்திருந்தான். அதில் 1412-ஆம் குறள் என்று ஒரு மேற்கோள் இருந்தது. குறள் மொத்தமே 1330 என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் எண்ணைப் பார்க்காமல் எழுதியிருக்கிறான்.

காசிமேட்டிலிருந்து வரும் பதினொன்றாம் வகுப்புப் பெண் எழுதியது இது. அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் போடுகிறேன்.

"எல்லோரும் கண்ணைப் பார்க்கிறார்கள். நான் நாயைப் பார்த்தேன். எங்கம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் போய்த் தெருத்தெருவாக விற்பார்கள். புதுத் தெருவுக்குப் போனால் முதலில் குரைப்பது நாய்தான். அம்மா நாய்க்குப் பயப்பட மாட்டார்கள். நாய் குரைத்தால் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்காமல் இருந்துவிடுவார்களே என்று பயப்படுவார்கள். இந்தப் பாட்டில் வரும் பெண்ணும் சேரியில் விற்கிறாள். சேரியிலேயே அவளைப் பார்த்து நாய் குரைக்கிறது என்றால், சேரியில் இருக்கிறவர்களை விடவும் அவள் கீழே வைக்கப்பட்டவள் என்று தெரிகிறது."

இதைப் பள்ளியிலும் காட்டியிருக்கிறாள். "அன்னக்கூடை", "ஷேர் ஆட்டோ" இரண்டிலும் சிவப்புக் கோடு. கீழே "பாடத்திற்குத் தொடர்பில்லை". அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என் வகுப்புக்கு வரவில்லை.

எத்தனையோ வருடமாக இந்தப் பாட்டை நடத்துகிறேன். நாயைப் பற்றி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை. இந்தக் கட்டுரையை நான் எப்படித் திருத்துவது? சொல்லுங்கள்.

ராயபுரம் ஓய்வாசிரியர்

நானும் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பொதுத்தேர்வு விடைத்தாள் பல ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

திருத்தும் முகாமில் ஒரு கட்டுரைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். கண் முதலில் தேடுவது முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. மேற்கோள் தனி வரியில் இருக்கிறதா என்று பார்க்கும். "எங்கம்மா" என்று தொடங்கும் வரி வந்தால், சோர்ந்த கண் "கதை எழுதியிருக்கிறான்" என்று நினைத்து நகர்ந்துவிடும். அநியாயம்தான். ஆனால் மதிப்பெண் அப்படித்தான் விழுகிறது.

இன்னொன்று. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்ற இந்தச் சட்டகத்தை எல்லோரும் திட்டுகிறார்கள். வீட்டில் யாருமே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு அந்தச் சட்டகம்தான் கைப்பிடிச் சுவர். கொருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த என் மாணவர்கள் பலர் வெற்றுத்தாளைப் பார்த்தாலே கை நடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். முதல் உட்தலைப்பை எழுதியதும் கை ஓடத் தொடங்கும். "உன் அனுபவத்தை எழுது" என்றால் வசதியான வீட்டுப் பிள்ளை நாலு பக்கம் எழுதும். இவர்கள் தங்களுக்கு அனுபவம் என்று எதுவும் இருப்பதாகவே நினைப்பதில்லை. எனவே அந்தப் பெண்ணைச் சட்டகத்துக்குள் எழுதச் சொல்லுங்கள். பாதுகாப்பாக இருக்கும்.

எண்ணூர்க்காரி

ஐயா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் கதையே பதில்.

நான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. நெய்தல் பற்றிப் பருவக் கட்டுரை கொடுத்தார்கள். நற்றிணை 172-ஐ எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் விளையாட்டாக மணலில் அழுத்திய விதை புன்னை மரமாக முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். "உன்னைவிடச் சிறந்தவள் இவள், உன் தங்கை" என்று அம்மா சொல்லிவிட்டாள், அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தலைவனிடம் சொல்லும் பாட்டு. படித்தபோது எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. கழிமுகத்தோரம் இருந்த ஒவ்வொரு மரத்தையும் ஆயா உறவுமுறை சொல்லித்தான் பேசும். எந்த மரத்தடியில் யார் உட்கார்ந்து வலை பின்னினார்கள் என்று இப்போதும் சொல்லும். எங்கள் பக்கத்துத் தாழங்குப்பம் என்ற ஊரின் பெயரிலேயே தாழை இருக்கிறது பாருங்கள்.

அதை எழுதினேன். 1970-இல் அனல் மின்நிலையம் வந்ததையும், சாம்பல் குழாய் உடைந்து கழி மேடானதையும், 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதியபோது எண்ணெயை வாளியால் அள்ளியதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்து படகிலும் அலையாத்தியிலும் ஒட்டிக்கொண்டதையும் எழுதினேன். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது நாங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடியதையும் எழுதினேன். நெய்தலின் உரிப்பொருள் (அந்தத் திணைக்குரிய உணர்வு) இரங்கல், அந்த இரங்கல் இன்று யாருக்காக என்று கேட்டு முடித்தேன்.

"இது சுற்றுச்சூழல் கட்டுரை, இலக்கியக் கட்டுரை அல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி எழுதியபோது ஆயாவை எடுத்துவிட்டேன். எண்ணெயை எடுத்துவிட்டேன். நல்ல மதிப்பெண் வந்தது. இரண்டாவது கட்டுரையில் என்ன எழுதினேன் என்று இப்போது ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. முதல் கட்டுரையை முழுதாக ஒப்பிப்பேன்.

தங்கச்சியைச் சட்டகத்துக்குள் தள்ளாதீர்கள்.

பழஞ்சுவடி

நண்பர்களே, அந்த மாணவியின் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. பரிவு காரணமாக யாரும் அதைத் தொடவில்லை. தொடாமல் விடுவது அவளுக்குச் செய்யும் உதவி ஆகாது.

சேரி என்ற சொல்லை அவள் இன்றைய பொருளில் படித்திருக்கிறாள். சங்கப் பாடலில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், தெரு, குடியிருப்பு. அதில் இழிவு இல்லை. பிற்காலத்திலும் சோழர் காலப் பிரமதேய ஊர்களில் (பார்ப்பனருக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர்கள்) பார்ப்பனர் வாழ்ந்த பகுதிகள் சேரி என்றே அழைக்கப்பட்டன. அதே காலக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் வருகிறது. ஒரு பொதுச்சொல் எப்படி ஒரு மக்களின் மீது மட்டும் ஒட்டவைக்கப்பட்டது என்பது தனி வரலாறு. ஆனால் அம்மூவனார் பாட்டில் அந்த ஒட்டல் இல்லை. ஆகவே "சேரியில் இருக்கிறவர்களை விடவும் கீழே" என்ற முடிவு நிற்காது.

அடுத்து, எண்ணூர்க்காரிக்கு. உங்கள் பேராசிரியர் திருப்பித் தந்தது தவறு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு நிகழ்வும் பாட்டின் எந்தச் சொல்லோடு பேசுகிறது என்று காட்டினீர்களா? முதற்பொருளும் (நிலம், பொழுது) கருப்பொருளும் (மரம், விலங்கு போன்றவை) பிற திணையோடு மயங்கலாம், அதாவது கலக்கலாம், உரிப்பொருள் மயங்காது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் சொல்லும் முறை. புன்னையும் தாழையும் போனபின் இரங்கல் மட்டும் மிஞ்சி நிற்கிறது என்று அந்த இலக்கணத்தையே கையில் எடுத்து நீங்கள் வாதிட்டிருந்தால், "இது இலக்கியம் அல்ல" என்று சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது.

எண்ணூர்க்காரி

காட்டவில்லை ஐயா. பாட்டு ஒரு பக்கம், எங்க ஊர் ஒரு பக்கம் என்று தனித்தனியாகத்தான் எழுதினேன். நடுவில் "இன்றோ" என்று ஒரே ஒரு சொல் போட்டுத் தாண்டினேன். நீங்கள் சொன்னபிறகுதான் அந்த இடம் கண்ணில் படுகிறது. அன்றைக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் ஆயாவை எடுத்திருக்க மாட்டேன்.

பெரம்பூர் மில் பேரன்

இலக்கியத்தோடு சமூகக் கட்டுரையையும் சேர்த்துப் பேசலாமா? இரண்டிலும் ஒரே நோய்தான் இருக்கிறது.

எங்கள் பகுதி நூலகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. தலைப்பு "வடசென்னையும் தொழிலாளர் இயக்கமும்". என்னையும் படிக்கச் சொன்னார்கள். எல்லாக் கட்டுரையிலும் 1918 ஏப்ரல் 27 சரியாக இருந்தது. பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் துணி ஆலையான பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நாள். வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் பெயர்கள் எல்லாம் இருந்தன. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டதும் இருந்தது. அதோடு "தொழிலாளர்கள் சாதி, மதம் கடந்து ஒன்றுபட்டுப் போராடினர்" என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

எங்கள் தாத்தா அந்த மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர், அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும். 1921-இல் என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் கேட்டால் முதலில் மௌனம்தான் வரும். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் மோதல், குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா ஒரு பக்கம் பேசினார், சங்கத் தலைவர்களில் ஒருவரான திரு.வி.க. ஒரு பக்கம் பேசினார். வறுமையில் கிடந்தவர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் இருக்க முடியுமா, அவர்களுக்காகச் சங்கம் என்ன செய்தது, நிர்வாகம் அந்தப் பிளவை எப்படிப் பயன்படுத்தியது என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது. எழுதியவர்களில் இரண்டு பேர் புளியந்தோப்பிலேயே குடியிருக்கும் பிள்ளைகள். அவர்கள்கூட "ஒன்றுபட்டுப் போராடினர்" என்றே எழுதினார்கள். தெரியாமல் இல்லை. "கட்டுரையில் அதெல்லாம் எழுதக்கூடாதுன்னு நினைச்சோம் அண்ணா" என்றார்கள்.

1996-இல் மில் மூடியபோது எனக்கு எட்டு வயது. சங்கு ஊதாத முதல் காலைகளில் தாத்தா பழக்கத்தில் அதே நேரத்துக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் போன பிறகுதான் கேட்க வேண்டிய கேள்விகள் வந்தன. புளியந்தோப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்: வீட்டில் கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நூலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் ஓய்வாசிரியர்

மில் பேரன் தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். "எழுதக்கூடாதுன்னு நினைச்சோம்" என்ற வரி என் வகுப்பிலிருந்தும் வந்திருக்கக்கூடும். நான் சட்டகம் கொடுத்தேன். அதற்குள் எதை வைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேனா என்று யோசிக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. தேர்வுத்தாளுக்குச் சட்டகம் வேண்டும். ஆனால் வருடம் முழுவதும் தேர்வுத்தாள் எழுதவைத்தது எங்கள் பிழை. ஜூன் முதல் டிசம்பர் வரை பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை எழுதட்டும். ஜனவரியில் அதையே உட்தலைப்பு போட்டு அடுக்கக் கற்றுக்கொடுங்கள். "அன்னக்கூடை" இருக்கட்டும். அதற்குப் பதிலாக நானாக இருந்தால் எந்தச் சொல்லைப் போடச் சொல்லியிருப்பேன்? "பாத்திரம்" என்றா? அது பொய்யாகிவிடும்.

வியாசை மாலைவகுப்பு

எல்லோருக்கும் நன்றி. பழஞ்சுவடி ஐயா, சேரி பற்றி நீங்கள் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். முகம் சுருங்கிப்போனது. "அப்போ நான் எழுதினது எல்லாமே தப்பா சார்?" என்றாள். நாய் தப்பில்லை, முடிவு மட்டும்தான் தப்பு என்றேன். அவளுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. எனக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. உதவ முடியுமா?

பழஞ்சுவடி

மகிழ்ச்சியாகச் செய்கிறேன். அவளை மறுபடி பாட்டுக்குள் அனுப்புங்கள். "விளி அறி ஞமலி" என்பது புலவர் போட்ட தொடர். ஞமலி என்றால் நாய். விளி என்றால் அழைக்கும் குரல். குரலை அறிந்த நாய். தன் வீட்டார் குரல் அதற்குத் தெரியும், கூவி வருகிற இந்தக் குரல் தெரியாது, அதனால் குரைக்கிறது. ஆகவே அவள் கண்டுபிடித்த அந்நியத்தன்மை பாட்டில் உண்மையாகவே இருக்கிறது. அதற்குச் சேரி என்ற சொல் தேவையே இல்லை. மூன்று சொல்லில் புலவரே வைத்திருக்கிறார். உரைகளோடு ஆண்டுக்கணக்கில் பழகியவன் நான். இந்தத் தொடரைக் கண்ணுக்கு வழிவிடும் ஒரு துணைச்செய்தியாக மட்டுமே கடந்து வந்திருக்கிறேன். மீன் விற்கிற அம்மாவின் மகளுக்குத்தான் அது முதலில் கேட்டிருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். பாட்டு கண்ணோடு முடியவில்லை. கடைசி வரிகளில் சேற்றில் அழுந்திய வண்டி வருகிறது. அதை வெளியே இழுக்க அவள் தந்தை பாடுபடுகிறார், அவர் கையிலுள்ள எருது வருந்துகிறது. அந்த எருதைப் போல நான் வெம்மூச்சு விடுகிறேன் என்கிறான் தலைவன். தலைப்பு "உழைப்பு" என்றால் இந்த எருதை விட்டுவிட்டு எப்படி எழுதுவது? எதையும் விளக்காதீர்கள். வரியை மட்டும் காட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா

நான் படிச்சவ இல்ல. என் பையன் படிச்சிக் காட்டினான், நான் சொல்றத அவன்தான் டைப் பண்றான். நானும் பத்து வருஷம் கூடை தூக்கினவ. அந்தப் பொண்ணு நாயப் பத்தி எழுதினது அவ்வளவும் நெசம். ஒண்ணு மட்டும் சேத்துக்கச் சொல்லுங்க சார். தெனமும் போனா நாய்க்கு நம்ம குரல் பழகிப்போகும். வால ஆட்டிக்கினு வரும். அப்பவும் சில வூட்ல கேட்டுக்கு வெளியவே நிக்க வெப்பாங்க. நாய் பழகிடுது. அத எழுதலாம்னா எழுதச் சொல்லுங்க.

எண்ணூர்க்காரி

அம்மா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் கட்டுரையை மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். "இன்றோ" இருந்த இடத்தில் இப்போது ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. ஆயா திரும்ப உள்ளே வந்துவிட்டது.

வியாசை மாலைவகுப்பு

நேற்று இரண்டாவது வரைவைக் கொண்டுவந்தாள். நான் ஒற்றுப்பிழை மூன்று திருத்தினேன், வேறு எதையும் தொடவில்லை. கொருக்குப்பேட்டை அம்மா சொன்னதை வகுப்பில் படித்துக் காட்டியிருந்தேன், அது அவள் கட்டுரையில் இடம் பிடித்துக்கொண்டது. நடுப்பகுதியை மட்டும் போடுகிறேன்.

"போன முறை சேரி என்ற சொல்லை இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டேன். அது தவறு. அந்தக் காலத்தில் அது வீடுகள் சேர்ந்த இடம். ஆனால் நாய் குரைப்பதற்குப் புலவரே காரணம் சொல்கிறார். அது 'விளி அறி ஞமலி'. அந்த நாய்க்கு வீட்டு ஆட்கள் குரல் தெரியும். உப்பு விற்கும் பெண்ணின் குரல் தெரியாது. அவள் பல மலை தாண்டி வந்தவள். எங்கம்மாவும் அன்னக்கூடையோடு ஊர் தாண்டிப் போகிறவர். கொருக்குப்பேட்டையில் மீன் விற்ற ஒரு அம்மா, தினமும் போனால் நாய் பழகிவிடும், சில வீடுகள் பழகுவதில்லை என்று சொன்னார். பாட்டில் அந்தப் பெண் மறுநாளும் அதே தெருவுக்கு வந்தாளா என்று தெரியவில்லை. பாட்டு ஒரு நாளைத்தான் சொல்கிறது.

தலைவன் அவள் கண்ணைப் பார்த்துத் தனக்கு நோய் வந்தது என்கிறான். தன் வலி எப்படிப்பட்டது என்று சொல்ல அவன் வேறு உவமை தேடவில்லை. அவளுடைய அப்பாவின் எருதையே எடுத்துக்கொள்கிறான். சேற்றில் சிக்கிய உப்பு வண்டியை இழுத்து மூச்சு வாங்குவது அந்த எருதுதான். அவன் வண்டி இழுக்கவில்லை. உப்பு விளைந்ததும், மலை தாண்டியதும், கூவியதும், சேற்றில் இழுத்ததும் பாட்டில் இருக்கின்றன. ஆனால் நோய் என்ற சொல் அவனுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. அவளுக்கு வலித்ததா என்று அவன் கேட்கவில்லை. அம்மூவனார் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் காதல் பாட்டில் எருதின் மூச்சை வைத்திருக்க மாட்டார்."

பழஞ்சுவடி

கடைசி இரண்டு வரிகளோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த வாரம் உங்கள் மாடிக்கு வந்து அவளிடமே சொல்கிறேன். எந்தக் கிழமை வகுப்பு இருக்கும்?

வியாசை மாலைவகுப்பு

செவ்வாய், வியாழன், சனி. மாலை ஆறரைக்கு வாருங்கள் ஐயா. கேள்வியோடு காத்திருப்பாள்.